மக்கள் தீர்ப்பும் ‘மக்கள்’ என்னும் சொல்லும்: புனே தேர்தல்களை முன்வைத்து

தேர்தலில் வென்ற கட்சி அம்முடிவை மக்கள் தீர்ப்பு என்கிறது. தோற்ற கட்சியும் மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்குவதாக அறிவிக்கிறது. இருசாராரும் ஒருங்கே எடுத்தாளும் இத்தொடரில் ‘மக்கள்’ என்பது யாரைச் சுட்டுகிறது என்பது அறவியல் சார்ந்த வினாவாகும். மக்களின் குரல் தான் மட்டுமே என உரிமை கோரும் வெகுமக்கள்வாதக் கட்சியொன்று எழுச்சி பெறும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகிறது.

ராஜ் தாக்கரே 2006 மார்ச் 9 அன்று மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவைத் தொடங்கினார். ‘மராத்தி மாணூஸ்’ என்பது அதன் அரசியலின் மையச் சொல். ‘மாணூஸ்’ என்றால் மனிதன்; மொழியடை சேர்ந்ததும் மனிதரில் ஒரு பகுதியினர் வெளியே நிறுத்தப்படுகின்றனர். 1966இல் தோன்றிய சிவசேனை தொடக்கத்தில் அவ்வாறு வெளியே நிறுத்தியோருள் மும்பைத் தமிழரும் அடங்குவர். 2008இல் வடஇந்தியத் தொழிலாளர் தாக்கப்பட்டனர். அச்சத்தால் புனேயிலிருந்தும் பலர் ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் புதிய கட்சிக்கு 13 இடங்கள் கிடைத்தன. புனேயை அடுத்த கடக்வாஸ்லா அவற்றுள் ஒன்று. 2012இல் புனே மாநகராட்சியின் 152 இடங்களில் 29ஐ வென்று அது இரண்டாம் பெரிய கட்சியாயிற்று.

இத்தகைய முடிவைக் கண்டதும் கற்றோர் ‘மக்கள் ஏமாந்தனர்’ என்பர். தமக்கு உவப்பான முடிவில் மட்டும் வாக்காளரிடம் அறிவைக் காண்பது நேர்மையாகாது. வாக்கு தன் காரணத்தைச் சுமந்து வருவதில்லை. குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஓடிவருவார் என நம்பி அளித்த வாக்கும், அயலார்மீது கொண்ட வெறுப்பால் அளித்த வாக்கும் எண்ணும் மேசையில் ஒன்றே. எனவே 29 இடங்களிலிருந்து வெறுப்பை மட்டும் பிரித்தறிய இயலாது. ஆயினும் குடிநீருக்காக வாக்களித்தவர் முழுதும் விடுபடுவதும் இல்லை. அவருடைய வாக்கு 2008இல் நிகழ்ந்ததை அறிந்த பின்னர் அளிக்கப்பட்டது. தாக்குதலை அவர் விரும்பாதிருக்கலாம். அதனை ஒரு தடையாகக் கருதவில்லை என்பது தெளிவு. வாக்காளரைப் பழிப்பவரும் புகழ்பவரும் காணத் தவறும் இடம் இதுவே.

பெரும்பான்மை கூறிவிட்டதால் அது சரியே என அடங்கிவிடுவது மற்றொரு எதிர்வினை. இதற்கான மறுப்பும் புனேயிலேயே உள்ளது. எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தபோது, 1932 செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டோருள் அடங்குவர். மாகாண அவைகளில் ஒடுக்கப்பட்டோர்க்கான இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. எனினும் கூட்டுத் தொகுதியில் அவர்தம் பிரதிநிதியைப் பிறர் வாக்குகளே முடிவு செய்யும் என்பது அம்பேத்கர் பின்னர் வலியுறுத்திய குறை. எண்ணிக்கையில் கிடைத்த வெற்றியும் ஒருவர் சார்பில் பேசும் தகுதியும் வேறுவேறு என்பது இதனால் பெறப்படும்.

ஈண்டு உத்திரமேரூர்க் குடவோலையும் ஒப்புநோக்கத் தக்கது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கூறும் அம்முறையில் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் கல்வியும் தகுதிகளாயிருந்த ஒரு பிராமணச் சபையின் ஏற்பாடு அது. அதனை மக்களாட்சியின் தொட்டில் என மேடைதோறும் முழங்குவது மிகை. எனினும் ஒன்று கருதத்தக்கது. குடத்திலிருந்து எடுத்த ஓலையில் பெயர் வந்தவர், ‘ஊர் முழுதும் நானே’ எனக் கூற வழியில்லை. பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஊரின் பெயர் கிடைக்கவில்லை. வாக்கெண்ணிக்கையோ பொறுப்பை மட்டுமே தரவேண்டியது. வெகுமக்கள்வாதம் அதனிடமிருந்து பெயரையும் எடுத்துக்கொள்கிறது.

2017இல் புனே மாநகராட்சியின் 162 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 2. ஐந்தாண்டுகளில் மராத்தி பேசுவோர் நகரைவிட்டு அகலவில்லை. 2012இல் அவர்கள் அனைவரின் குரலாகத் தன்னைக் கருதிய கட்சி, 2017இல் பேசியவர் எவர் என்பதற்கு விடை கூறவேண்டும். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளருள் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருப்பது வழக்கம். 2008இல் அடிக்கு அஞ்சி ஊர் திரும்பியவருள் அத்தகையோர் 29இலும் இல்லை, 2இலும் இல்லை.