வழித்துணையும் தனிவழியும்



அறவழியிற் செல்வோன் தனித்துச் செல்ல வேண்டுமா, துணையோடு செல்ல வேண்டுமா என்னும் வினா நம் விகாரத்து ஞாயிறு வகுப்பிற் பன்முறை எழுந்ததுண்டு. இரு கட்சிக்கும் நூலாதாரம் இருக்கிறது. முதல் அறுபது அறவோரை நாடெங்கும் அனுப்பிய காலை, இருவர் ஒரே வழியிற் செல்லலாகாது என்று பகவன் பணித்ததாக விநயம் கூறுகின்றது. காண்டாமிருகத்தின் ஒற்றைக் கொம்பென ஒருவன் தனித்துத் திரிவதைப் போற்றும் பழம்பாடல் சுத்தநிபாதத்தில் உள்ளது. மறுபுறம், நன்னட்பே தூய வாழ்வின் சரிபாதி என்று ஆனந்தர் தம் கருத்தை உரைத்தபோது, ததாகதர் அவரைத் திருத்தி, அது பாதியன்று முழுமையே என்று அறிவித்ததைச் சம்யுத்த நிகாயத்திற் காண்கிறோம். இவற்றுள் எதனைக் கொள்வது? எதனைத் தள்ளுவது?

இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. நம்மில் ஒருவன் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற நாள் முதல் அவன் வாழ்விற் புகுந்து நிற்பது. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவோரிடம் இல்லையென்கிறான். பங்காளி மனம் கசக்கிறான். தந்தை இறந்த வீட்டில் சடங்கை மறுக்கிறான். உடன்பிறந்தோர் முகம் திருப்புகின்றனர். மகளுக்கு மணம் பேசப் போனால், "நீங்கள் எந்தச் சாமியும் கும்பிடாதவர்களாமே" என்று உறவினர் தயங்குகின்றனர். இவ்வாறு தனித்து விடப்பட்டவனிடம், தனித்து நடப்பதே உயர்வு என்று போதிப்பது எளிது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே போதித்து வந்தேன். சென்ற தை மாதத்தில் ஒரு கடற்கரை நடைப்பயணம் என் போதனையிலிருந்த குறையை எனக்குக் காட்டிற்று. அதனை மறையாது எழுதுதல் கடமையெனக் கருதுகிறேன்.

என்னினும் நான்கு வயது மூத்த நண்பர் ஒருவர் எனக்குண்டு. அண்ணன் என்றே அழைப்பேன். பெங்களூர் நூற்பாலை ஒன்றில் இருவரும் ஒரே காலத்திற் பணியாற்றியவர்கள். ஓய்வாகச் சில நாள் நடந்து வருவோம், நம் முன்னோர் அறம் வளர்த்த கரையைக் கண்ணாற் காண்போம் என்று இருவரும் பேசி, நாகப்பட்டினத்திலிருந்து பூம்புகார் வரை கரையோரமாக நடப்பதென முடிவு செய்தோம். 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. நான்கு நாளில் முடித்து, நான்காம் நாள் மாலை, முழுமதி எழும் வேளையில், பூம்புகாரின் பழைய விகாரத்தருகே விளக்கேற்றித் திரிசரணம் ஓதுவேன் என்று விகாரத்தாரிடம் நான் வாக்களித்தும் இருந்தேன். இந்த வாக்கே பின்னர் எனக்குச் சுமையாயிற்று.

நாகையில் இன்று விகாரம் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூடாமணி விகாரத்தை அங்கு எழுப்பினர். சைவனாகிய முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பௌத்தர்தம் பழங்கட்டடத்தின் எச்சமாகிய செங்கற் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. அவ்வாண்டு இயேசு சபைப் பாதிரிமாரின் வேண்டுகோளின்மேல், ஆங்கில அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. 1856 முதல் 1930-கள் வரை அவ்வூர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கையில் ஏந்திச் செல்லத்தக்க சிறு திருமேனிகளும் அவற்றுள் உண்டு. "கப்பலேறி வந்தவர்கள் துணைக்குக் கொண்டுவந்திருப்பார்கள், தம்பி" என்றார் அண்ணன். அச்சொல்லை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

முதல் நாள் நாகூர் சேர்ந்து, தர்காவின் ஐந்து மனோராக்களும் தெரியும் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் காரைக்கால். அங்கு கரை ஒரே நீளமாகக் கிடப்பதன்று. வெட்டாறும் அரசலாறும் கடலிற் கலக்குமிடங்களில் உள்ளே திரும்பிப் பாலம் கடக்க வேண்டும். வாஞ்சூரில் துறைமுகம் இருத்தலால் சாலைக்கு ஏற வேண்டும். மூன்றாம் நாள் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. மணலில் நடப்பது சாலையில் நடப்பது போலன்று. ஓரடி வைத்தால் அரையடி பின்னிழுக்கும். அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றார். நான் முன்னே சென்று நிற்பதும், அவர் வந்து சேர்ந்தவுடன் மீண்டும் புறப்படுவதுமாக நடந்தோம். எனக்கு அவர் காத்திருக்கும் நேரமெல்லாம் ஓய்வு. அவருக்கோ ஓய்வே இல்லை. இதனை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், சின்னங்குடியைக் கடந்து சிறிது தொலைவு சென்றபின், உச்சி வெயிலில் அவர் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் அமர்ந்துவிட்டார். "நீ போ, தம்பி. மதி எழுமுன் நீ போய்ச் சேர வேண்டுமே. நான் மெல்ல வருகிறேன்" என்றார். வானகிரியில் காத்திருப்பதாகச் சொல்லி, தண்ணீர்ப் புட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் நடந்தேன். அவர் இசைந்தாரே என்று என் மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தனித்து நடக்கையில் என் கால்கள் இலேசாயின, மகிழ்ச்சியாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வானகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அவர் வரவில்லை. கைப்பேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. அச்சம் பற்றிக்கொள்ள, வந்த வழியே திரும்பி ஓடினேன். நான் விட்ட படகினருகே அவர் இல்லை. சற்று உட்புறமாக, மீனவர் குடியிருப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் சுவரிற் சாய்ந்திருந்தார். வலை பின்னும் நரம்புக் கண்டுகளுக்கு நடுவே ஒரு மூதாட்டி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். மூச்சடைத்துத் தடுமாறியவரை அவ்வம்மையாரும் அவர் பேரனும் தாங்கிக் கொணர்ந்திருக்கின்றனர்.

அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தீங்க?" என்றார்.

ஆம் என்றேன்.

"சுனாமி அன்னிக்கு நாங்களும்தான் திரும்பிப் பாக்காம ஓடினோம். பின்னாடி தண்ணி வந்துச்சு. உங்க பின்னாடி என்னய்யா வந்துச்சு?"

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அவ்வம்மையார் யாரை விட்டு ஓடினார் என்று நான் கேட்கவில்லை. அவர் ஓடியது உயிர் காக்க. அதனைக் குற்றமென்போன் அறம் அறியாதவன். எனினும் இருபது ஆண்டு கடந்தும் அவர் அதனைத் தம் நெஞ்சிற் சுமக்கிறார். நானோ விளக்கேற்ற ஓடினேன். ஓடுகையில் மகிழ்ந்தும் இருந்தேன். அவர் வினாவுக்கு என்னிடம் விடையில்லை.

அன்பர்களே, அண்ணனுடைய மூச்சு எவ்வாறு கெட்டது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆலையில் நாங்கள் இருவரும் கார்டிங் பகுதியில் இருந்தோம். பஞ்சுத் தூசு பனிபோற் படியும் இடம் அது. விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் நெஞ்சு இறுகும். துணி மடிக்கும் பகுதியில் ஓர் இடம் காலியாயிற்று. பணி மூப்பின்படி அது அவருக்கே உரியது. "நீ படிக்கிறவன், உனக்குக் கண்ணும் நேரமும் வேண்டும்" என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். ஆலை மூடப்படும் வரை மேலும் ஒன்பது ஆண்டுகள் அவர் தூசில் நின்றார். அவ்வாண்டுகளில்தான் நான் எழுத்துக் கூட்டி நூல் பயின்றேன், பேசக் கற்றேன். இன்று தம்மம் உரைக்கிறேன் என்று மேடையில் நிற்பது அவர் விட்டுக்கொடுத்த மூச்சினால்.

அன்றிரவு திண்ணையில் இதனை அவரிடம் சொல்லி, அவருக்கு நான் பட்ட கடனை மறந்தேன் என்று வருந்தினேன். அவர் சிரித்தார். "கடன் என்று நான் எழுதி வைக்கவில்லையே, தம்பி. கடனுக்காக நீ காத்திருந்தால், தீர்ந்த அன்றைக்கு விட்டுப் போய்விடுவாயா?" என்றார்.

இச்சொல் என் எண்ணத்தைத் திருப்பிற்று. நன்றி மறத்தல் குற்றமே. ஆயின் நன்றிக்காக மட்டும் காத்து நிற்பது வாணிபத்தைச் சாரும். அவர் எனக்கு ஒன்றும் செய்யாதவராயிருந்தாலும், உடன் புறப்பட்டவர் என்பதொன்றே நான் நிற்பதற்குப் போதுமான காரணம் ஆகும்.

ததாகதரின் இறுதிப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். எண்பது வயதில் இராசகிருகத்திலிருந்து புறப்பட்டுக் குசிநகர் வரை நடந்தார். நோயுற்ற உடல். வழியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து, மேலாடையை நான்காக மடித்து விரிக்கச் சொல்லி, நீர் வேண்டுமென்று ஆனந்தரைக் கேட்டார். உலகுக்கு வழிகாட்டியவரே நடக்கமாட்டாது அமர்ந்தார்! ஆனந்தர் முன்னே போய்க் காத்திருக்கவில்லை. ஆடை விரித்தார், நீர் கொணர்ந்தார், பகவன் எழுந்தபோது எழுந்து நடந்தார். அப்போது ஆனந்தர் இன்னும் அரகத்து நிலை எய்தாதவர். எனக்கு முன்னேற்றம் வேண்டும் என்று அவர் தனியே தியானத்துக்குப் போயிருந்தால் நாம் அவரை எவ்வாறு நினைத்திருப்போம்?

அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் ஒரு வனத்தில் பாலும் நீரும்போற் கலந்து வாழ்ந்தனர். எவ்வாறு இது கைகூடிற்று என்று பகவன் வினவ, தம் விருப்பத்தை ஒதுக்கி மற்றவர் விருப்பத்தின்படி நடப்பதாக ஒவ்வொருவரும் விடையளித்தனர் என்பர். தன் விருப்பத்தை ஒதுக்குவது தியான மண்டபத்தில் நமக்குக் கடினமாயிருக்கிறது. நண்பனின் நடைக்கு நம் நடையைக் குறைக்கும்போது அதுவே கண்முன் நிகழ்கிறது. என்னுள் இருந்த வேட்கை பொருள் வேட்கையன்று. குறித்த நேரத்தில் திருவிடம் சேர வேண்டும் என்னும் நல்லாடை போர்த்த வேட்கை. ஆடை நல்லதாயினும் வேட்கை வேட்கையே.

அப்படியாயின் தனித்துச் செல்க என்ற மொழி பொய்யோ? அன்று. அறுபதின்மரை இருவராகச் செல்லாதீர் என்றது, அதிக மக்களுக்கு அறம் சென்றடைய வேண்டும் என்னும் இரக்கத்தால். தளர்ந்தவனை விட்டுச் செல்லுமாறு அவர் பணிக்கவில்லை. வயிற்று நோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைத் தாமே நீராட்டிய பெருமானன்றோ அவர்! தனித்திருக்கச் சொன்ன இடங்களில் விடச் சொன்னது பற்றை. பற்று விட்டவன் கூட்டத்திலும் தனித்தவன். பற்றோடு முன்னே ஓடுபவன் ஆளில்லாக் கரையிலும் தன் ஆசையைத் துணைகொண்டே ஓடுகிறான்.

ஒரு தடை எழலாம். எல்லாருக்காகவும் நின்றுகொண்டே இருந்தால் எப்போது சேர்வது? மூடனோடு கூடுவதினும் தனித்துச் செல்லல் நன்று என்று தம்மபதமும் அறிவுறுத்துகிறதே! உண்மை. கள்ளுக்கடைக்கு இழுப்பவனோடு நாம் நடக்க வேண்டுவதில்லை. சாதிப் பெருமைக்குத் திரும்ப அழைப்பவனுக்காக நிற்க வேண்டுவதில்லை. அவன் செல்வது வேறு வழி. அதே வழியில் மெல்ல வருபவன் மூடன் அல்லன். இவ்விருவரையும் ஒன்றாக எண்ணுவதே நாம் செய்யும் பிழை. இன்னும் வீட்டு மூலையில் பழைய படத்துக்கு விளக்கேற்றும் மனைவியையும், ஊரார் பேச்சுக்கு அஞ்சித் தீட்சையைத் தள்ளிப் போடும் தம்பியையும் நாம் எத்தனை முறை மூடர் என்று ஒதுக்கியிருக்கிறோம்! அவர்கள் மூச்சு வாங்கி அமர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே.

நம் முன்னோரும் தனியே வரவில்லை. 1898-இல் அயோத்திதாச பண்டிதர் கடல் கடந்து இலங்கை சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றபோது கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டும் உடன் சென்றனர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் தீட்சை பெற்றதும், திரண்டிருந்த இலட்சக்கணக்கானோருக்குத் தாமே தீட்சை அளித்தார். அவர் தனியாகவே முன்னரே மாறியிருக்கலாம். 1935-இல் அறிவித்தவர், இருபத்தோராண்டு கடந்தே மாறினார். கற்பதற்கும் ஆராய்வதற்கும் அரசியற் பணிக்கும் சென்ற ஆண்டுகள் அவை. தம் மக்களையும் உடன்கொண்டு செல்லும் கருத்தும் அவற்றுள் இருந்தது என்பதை மறுப்பாரில்லை.

முழுமதி அன்று அந்தத் திண்ணையின் எதிரே கடலிலிருந்து எழுந்தது. அண்ணன் சுவரிற் சாய்ந்தபடியே திரிசரணம் சொன்னார். நான் உடன் சொன்னேன். மூதாட்டி கைகூப்பிக் கேட்டிருந்தார். மறுநாள் மருத்துவரைக் கண்டு, ஒரு நாள் ஓய்ந்து, அதற்கு மறுநாள் மீதி வழியை நடந்தோம். இம்முறை அவர் முன்னே, நான் பின்னே.

பூம்புகாரில் 1960-களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட விகாரத்தின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. சுண்ணக்கல்லில் வடித்த புத்த பாதமும் அங்கு கிடைத்ததாகும். மணிமேகலை மலர் கொய்யப் புறப்பட்டபோது தோழி சுதமதி உடன் நடந்ததும், கடல் கொண்டதும் இந்நகர்தான். மதி தேய்ந்துவிட்ட நாளில், வாக்களித்த நேரம் தவறி, அங்கே நின்றோம். விளக்கை அண்ணன் ஏற்றினார்.

அன்பர்களே, உங்களோடு புறப்பட்டவர் எவரேனும் பின்தங்கியிருப்பின், இந்த உபோசத நாளில் திரும்பிச் சென்று அவரருகே அமருங்கள். போதனை வேண்டா. தண்ணீர் கொடுங்கள். அவர் எழும்போது நீங்களும் எழுங்கள்.