சிரிப்பு யாருக்குச் சொந்தம்?

பலர்மோவின் லா காலா துறைமுகத்தருகே, ஒரு சுவரில் இரு நீதவான்கள் தலைசாய்த்துச் சிரிக்கிறார்கள். வேலைக்குப் போகையில் நாம் காணும் முகங்கள். 1992 மார்ச் 27இல் தோனி ஜென்தீலே எடுத்த புகைப்படத்தைப் பார்த்து 2017இல் வரையப்பட்டது அது. பல்கோனே 1992 மே 23இலும், பொர்செல்லீனோ யூலை 19இலும் மாபியாவின் குண்டுகளுக்குப் பலியாகினர்.

தன் படத்தை இத்தாலிய அரச தொலைக்காட்சி அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஜென்தீலே வழக்கிட்டார். அது கலைப்படைப்பல்ல, வெறும் புகைப்படமே என்று 2019இல் உரோம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அப்போதைய இத்தாலியச் சட்டத்தில் வெறும் புகைப்படத்துக்குப் பாதுகாப்பு 20 ஆண்டுகளாக இருந்தது. படைப்பென்றால் ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள்.

சட்டம் ஆண்டுகளை எண்ணும். எண்ணி முடிந்தபின் எதையும் செய்யலாமா?

எம்மவர் கலியாணப் படத்திலிருந்து தலையை வெட்டிக் கண்ணீர் அஞ்சலியில் ஒட்டுகிறோம். ஸ்ரூடியோக்காரரை எவரும் கேட்பதில்லை. ஆனாலும் அதில் அவமதிப்பில்லை. அந்த முகத்துக்காக அழுபவரே கத்தரிக்கிறார். பிராங்பேர்ட்டின் பீற்சாக் கடையொன்றிலோ இதே நீதவான்களின் படம், திரைப்பட மாபியாத் தலைவன் கொர்லியோனேயின் படத்தோடு சுவரில் தொங்கியது. அதற்கெதிராகப் பல்கோனேயின் சகோதரி நீதிமன்றம் சென்றார்.

ஆக, கத்தரிக்கோல் மட்டும் படத்தை மாற்றுவதில்லை. வைக்கும் இடமும் மாற்றுகிறது. எடுத்தவர் இருந்தால் கேட்போம். இல்லையேல் பெயரையாவது எழுதுவோம். படத்திலுள்ளவர் உயிரோடிருந்தால் நிற்க மறுக்கும் இடத்தில், இறந்தபின் அவரை நிறுத்தாதிருப்போம். இதற்குக் காலாவதி கிடையாது.