ஈமத் தாழியும் இறந்தார்க்கு இடும் உணவும்

உடம்பை விட்டு நீங்கிய உயிர்க்கு, அவ்வுடம்பின் பக்கலில் வைக்கும் உணவு சென்று சேருமோ என்னும் வினா மிகப் பழையது. ஆயினும், பெற்றோர்க்கு ஆண்டுக்கடன் ஆற்றுவார் உள்ளத்தே அஃது ஆண்டுதோறும் புதிதாய் எழாநிற்கும்.

அல்லிநகரத்தைச் சூழ்ந்த வைகைநாடு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலமாம். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பழைய ஈமக்காடொன்றிலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றனைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட்பூசலிற் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்தது. தொல்காப்பியர் வெட்சித்திணைக்கண் ஓதிய ஆகோள் என்னுஞ் சொல்லே அக்கல்லில் நிற்றல் உவகை தருவதொன்று.

இனி, பழனிமலைத் தொடரின் மறுபுறத்தே உள்ள பொருந்தலில் 2009-ஆம் ஆண்டளவில் அகழ்ந்தபோது, கற்பதுக்கை ஒன்றனுள் நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அந்நெல்லை ஆய்ந்தோர் அதன் காலம் கி.மு. 490 அளவினதென்றனர். மேனாட்டுக் கெல்த்தியரும் இங்ஙனமே செய்தனர். செர்மனி நாட்டு ஹொக்டோர்ப் என்னும் ஊரில் 1978-79-இல் அகழ்ந்த தலைவன் புதைகுழி கி.மு. 530 அளவினது, ஆங்கு 500 லிட்டர் கொள்ளும் வெண்கலக் கொப்பரையில் தேறல் வைத்த அடையாளம் காணப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் மெடோஸ் டெய்லர் முதலியோர் தக்கணத்துக் கற்குவைகளைக் கெல்த்தியர் சின்னங்களோடு சேர்த்தெண்ணினர். ஒப்புமை கண்டவுடன் உறவு கூறுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. பிரிந்தாரை நினைந்து இரங்கும் நெஞ்சு மக்கட்கெல்லாம் பொதுவென்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

அற்றேல், உலகாயதன் நகைத்து வினவுவான்: “இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு கழிந்தும் நெல் சாடியிலேயே கிடந்ததன்றோ? உண்பார் ஒருவரும் வந்திலர். நுங்கள் கடன்களும் அத்தகையனவே” என்று. இவ்வினாவை எளிதென்று தள்ளுதல் கூடாது. அவன் காட்டுவது கண்கூடான சான்று.

நெல்லை உயிர் வந்து உண்டதென யாமுங் கூறேம். பாம்பு தோலை உரித்து நீங்குமாறும், நனவை விட்டு உயிர் கனவிற் புகுமாறும் காட்டி, தூலவுடம்பு ஒழிய நுண்ணுடம்போடு உயிர் தன் வினைக்கீடாகப் பெயருமென மெய்கண்டதேவர் சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தே நிறுவினார். பெயர்ந்த உயிர் பதுக்கையினுள் பசித்திருத்தல் யாங்ஙனம்? ஆகலின் நெல் எஞ்சியது நம் கொள்கைக்கு மாறாகாது. ஆனால் இட்டது வீணென்பது மட்டும் பெறப்படாது. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்து அச்சூத்திரத்திலேயே இதற்கு விடை வைத்தார். நாம் சிலர்க்குப் பூசை இயற்றின் அவர்தாமே வந்து பயன் தருதலில்லை. பிறந்தும் இறந்தும் வேதனையுற்றும் உழல்வார்க்கு அஃது இயலாது. அவையில்லாத சிவபெருமானே அச்செயலை அறிந்து அருளுவன் என்பது அவர் துணிபு. ஆயின் சாடியில் நெல் வைத்த கை யார்க்கு வைத்ததென நினைப்பினும், அதனிடத்து நிகழ்ந்த அன்பு அறிவான் ஒருவன்பால் அன்றே சேர்ந்தது. நெல் மண்ணின் பொருள், மண்ணிலேயே கிடந்தது.

இங்ஙனங் கொள்ளின், தாழி கவித்தாரை அறியாமையுடையாரென இகழ்தற்கு இடமில்லை. அவர் சாத்திரம் கற்றிலர் எனினும், உடம்போடு உயிரும் அழியுமென்னும் உலகாயதத்தினும் அவர் நினைவு மெய்க்கு அணித்தாயிருந்தது. நம் நெறியிலும் ஞானியர் திருமேனியைப் புதைத்துப் போற்றுதலைத் திருமூலர் சமாதிக் கிரியையில் விதித்தமை அன்பர் அறிவர்.

உயிர் நீங்கிய இடந்தானே என்று, கல்வட்டங்களைப் பெயர்த்து வரப்பிற்கும் சுவருக்கும் கொண்டுபோவாரை இந்நாட்டிற் காண்கின்றோம். உயிர் அங்கில்லை என்பது உண்மையே. ஆயின் அங்கு வைத்தது ஒருவர் செய்த பூசை. பிறர் பூசையிட்ட மலரைச் சிவனடியார் மிதியார். உழுபடையிற் தாழி தட்டுப்படின் உழவை நிறுத்தித் தொல்லியல் துறையார்க்கு அறிவித்தலே தக்கது. பொன் இருக்குமென்று இரவில் தோண்டுவார்க்குக் கிடைப்பது பெரும்பாலும் எலும்பும் ஓடுமேயாம்.