ஆளும் வளமும்



மனிதவள மேலாண்மை என்னும் மேற்படிப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. தாராளமாய்ச் சேர்க்கலாம். ஆனால் கட்டணமும் சம்பளமும் விசாரிக்கிற நாம், அந்த உத்தியோகத்தில் பிள்ளையின் மனச்சாட்சிக்கு வரும் சோதனை இன்னதென்று விசாரிப்பதில்லை.

இப்படிப்பு வெறும் வியாபாரத்துக்காகப் பிறந்ததன்று. நமது புதுவையில் 1936 ஜூலை 30-ல் பஞ்சாலைத் தொழிலாளர்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 பேர் மாண்டனர். அதன் பிறகே, 1937-ல், எட்டு மணி வேலை சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமோ, 500 பேரும் அதற்கு மேலும் உழைக்கும் ஆலைகளில் நல அதிகாரி இருக்கவேண்டுமென்று விதித்தது. (2020-ம் வருஷத்துச் சட்டத்தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்தது.) 1949-ல் சேசு சபையின் குவின் என்ரைட் சுவாமியார், இரும்பாலைப் பட்டணமாகிய ஜாம்ஷெட்பூரில், சவேரியார் பெயரால் தொழில் உறவுக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்.

அன்று 'உறவு' என்றார்கள். இன்று 'வளம்' என்கிறோம். சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். நிலக்கரியும் வளம், மீனும் வளம். தீர்ந்துபோனால் வேறிடம் தேடுவோம். மனிதரை இலாபத்துக்கான பொருள்களைப்போல் நடத்துவது வெட்கக்கேடென்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-லேயே தமது நிருபத்தில் போதித்தார் அன்றோ?

பனித்திட்டுக் கரையைப் பாருங்கள். படகுக்கும் வலைக்கும் போக மிச்சம் ஆளுக்குப் பங்காய்ப் பிரியும்; பாடு இல்லாத நாளில் எல்லாருக்கும் வெறுங்கை. ஓர் ஆளைப் படகிலிருந்து நிறுத்தினால், படகுக்காரர் நாளைக்கும் அதே தெருவில் அவன் முகத்தில் விழிக்கவேண்டும். கம்பெனியில் அப்படியில்லை. முதலாளி பார்க்க விரும்பாத முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம். அந்த ஒருவர் உங்கள் பிள்ளை.

இருபது பேரை நிறுத்தப் பட்டியல் போடு என்று உத்தரவு வருகிறது. பட்டியலில் உள்ள ஒருவர், "தம்பி, மகள் கலியாணத்துக்குக் கடன் வாங்கப் போகிறேன், என் வேலைக்குப் பயமில்லையே?" என்கிறார். உத்தியோக இரகசியத்தைக் காப்பது கடமை. ஆனால் "பயமில்லை அண்ணே" என்பது பொய். எட்டாம் கற்பனை ஆபீசு வாசலில் நின்றுவிடுவதில்லை. "அதைப்பற்றி நான் வாய்திறக்கக் கூடாது, கடனைச் சற்றுப் பொறுங்கள்" என்றால் பாதி இரகசியம் வெளியாகிவிடும். ஆகிலும் முழுப் பொய்யைக் காட்டிலும் அதையே நான் தேர்வேன். மேலதிகாரி கோபித்தாலும் கோபிக்கட்டும்.

அதைவிட முக்கியம், பட்டியலுக்கு முந்திய மாதங்கள். பணியாளர் மேம்பாடு என்று அதே படிப்பில் ஒரு பாதி உண்டு. புது இயந்திரம் வருமுன்னே பழைய ஆட்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவேண்டுமென்று அன்றே வாதாடியிருந்தால், இருபது ஐந்தாய்க் குறைந்திருக்கக்கூடும். கூட்டத்தில் எழுந்து அப்படிப் பேச மதிப்பெண் உதவாது; வீட்டில் பழகியிருக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், ஓர் இரவு செபமாலை முடிந்தபின், அந்தக் கடன்காரரின் கேள்வியை உங்கள் மகனிடமோ மகளிடமோ கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தாமதித்தால் அவசரப்படுத்தாதேயுங்கள்.