‘சேர்க்கை சரியில்லீங்க!’



வாலிபப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கக் கேட்டு வரும் நம் திருப்பூர் தாய்மார் பலர் சொல்லும் வார்த்தை இது: “பையன் தங்கமானவனுங்க பாஸ்டர், சேர்க்கைதான் சரியில்லீங்க.” இது உண்மையா? பாதி உண்மை.

பதினாறு, பதினேழு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்கு வரும் பையனைப் பாருங்கள். டீ டைமில் உதட்டுக்குள் புகையிலை வைக்கப் பழக்குகிறவன் யார்? பக்கத்தில் நிற்கிற சிநேகிதன். “வெச்சுக்கடா, ஒண்ணரை ஷிப்டு தாங்கும்” என்பான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ல் சட்டம் வந்தது. 2013-ல் தமிழக அரசு குட்காவையே தடை செய்தது. நல்லதுதான். ஆனால் சிநேகிதன் விற்பதில்லையே, சும்மா அல்லவா கொடுக்கிறான்! வேண்டாம் என்றால் ‘பயந்தாங்கொள்ளி’ என்பான். வாய்ப்புற்று வருவது எத்தனையோ வருஷம் கழித்து. கேலி வருவது இப்போதே. பிள்ளை எதற்குப் பயப்படுவான்?

2005-ல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டீன்பெர்க் என்ற இருவர் 306 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிநேகிதர்கள் கூட இருந்தபோது, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியே ஆடியதைவிட மிக அதிகமாக ஆபத்தில் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. புத்தி தெரியாமல் அல்ல, பார்க்கிற கண்களுக்காகவே பிள்ளைகள் துணிகிறார்கள்.

மீதிப் பாதி என்ன? அந்தச் சிநேகிதனின் தாயும் தன் வீட்டில் இதே வார்த்தையைச் சொல்கிறாள், நம் பையனைக் காட்டி! ஆம், நம் பிள்ளையும் யாரோ ஒருவனுக்குச் ‘சேர்க்கை’தான்.

பாபிலோனில் தானியேல் ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்று தீர்மானித்தான். பருப்பும் தண்ணீருமாகப் பத்து நாள் சோதனை. அவன் தனியாக நிற்கவில்லை, கூட மூன்று சிநேகிதர் நின்றார்கள். இழுக்கிற அதே கயிறுதான் தாங்கவும் செய்கிறது.

ஆகவே பெற்றோரே, ‘அவனோடு சேராதே’ என்பதோடு நிறுத்திவிடாதிருங்கள். அந்தச் சிநேகிதனையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடுங்கள். உங்கள் மகனிடம் இந்த வாரமே கேளுங்கள்: “கண்ணு, உன்னைப் பாத்து உன் சிநேகிதன் என்ன கத்துக்கறான்?”