முகமும் ஓர் அமானிதமே

பிறர் பொருளை அவருடைய அனுமதியின்றி எடுத்து விற்பது ஹராம் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படி அரிசியானாலும் ஒரு முழம் துணியானாலும், உடையவர் யார் என்று அறிந்த பின்னரே விலை பேசுவோம். ஆனால் பிறருடைய முகத்துக்கும் உடையவர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இன்று காஜாங் விளையாட்டரங்கிலோ ஒரு பள்ளித் திடலிலோ போட்டி நடந்தால், நூறு கைத்தொலைபேசிகள் படம் பிடிக்கின்றன. பந்தை உதைத்த பையனின் படம் அன்று மாலையே ஒரு கடையின் விளம்பரத்தில் ஏறிவிடலாம். ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பெண்பிள்ளையின் படம் ஊர் பேர் தெரியாதவர் கைகளுக்கெல்லாம் போய்ச் சேரலாம். பிள்ளையையும் கேட்பதில்லை, பெற்றோரையும் கேட்பதில்லை. “பலர் பார்க்க ஆடியவர்தானே, படம் எடுத்தால் என்ன?” என்பது நாம் சொல்லிக் கொள்ளும் சமாதானம்.

அந்தச் சமாதானம் செல்லுமா? நம் கடைக்கதவு காலை முதல் இரவு வரை எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அதனால் வருகிறவர் கல்லாப்பெட்டியில் கை வைக்கலாமா? உள்ளே வர அனுமதித்தது ஒன்று. எடுத்துப் போக அனுமதிப்பது மற்றொன்று. விளையாட்டு வீரர் தம் ஆட்டத்தைப் பார்க்க நம்மை அனுமதித்தார். தம் முகத்தைச் சரக்காக்க அனுமதிக்கவில்லை.

இவ்வழக்கு புதியதன்று. இங்கிலாந்தில் சிரில் டாலி என்ற கோல்ப் ஆட்டக்காரர் பணத்துக்காக ஆடாதவர். அவர் சட்டைப்பையில் சாக்லேட் பொட்டலம் துருத்திக் கொண்டிருப்பதாகப் படம் வரைந்து, பிரை கம்பெனியார் 1928இல் விளம்பரம் செய்தனர். அவரைக் கேட்கவில்லை. காசு வாங்கிக் கொண்டு பெயரை விற்றவர் என்று உலகம் எண்ணுமே என அவர் வழக்குத் தொடுத்தார். அந்த விளம்பரம் அவதூறாகப் பொருள்படக் கூடியதே என்று 1931இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் சூயிங்கம் பொட்டலங்களோடு பேஸ்பால் வீரர்களின் படங்களை வைத்து விற்ற இரு கம்பெனிகளுக்கிடையே எழுந்த வழக்கில், ஒருவருடைய உருவத்தின் வணிக மதிப்பு அவருக்கே உரியது என்ற கொள்கை 1953இல் நிலைநாட்டப் பெற்றது.

நம் மலேசியாவில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. ஆயினும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்கமும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010இல் கூறியது. வணிக நடவடிக்கைகளில் பிறர் விவரங்களைக் கையாள்வதற்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரம்பு கட்டுகிறது. படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கு இருக்கலாம். படத்திலுள்ள முகம் அவருடையதாகி விடாது.

சட்டம் நிற்கட்டும், மார்க்கம் என்ன சொல்கிறது? 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை பாரா ஆன் அப்துல் ஹாடி தங்கம் வென்றார். அவருடைய படம் முகநூலில் வந்ததும், வெற்றியை விட்டுவிட்டு உடையைப் பற்றியே பலர் ஏசினர். அவ்வுடை குறித்து நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்நியப் பெண்ணின் படத்தை உற்று நோக்கி, பெரிதாக்கிப் பார்த்து, நாலு பேருக்கு அனுப்பிய பின் மார்க்கம் பேசுவது எந்த நியாயம்? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ‘அந்நூர்’ அத்தியாயத்தில் ஆண்களுக்கே முதலில் இடப்பட்டிருக்கிறது.

“படம் பொய் சொல்லவில்லையே, உள்ளதைத்தானே காட்டுகிறது?” என்பார்கள். புறம் என்பதும் உள்ளதைச் சொல்வதுதான். இல்லாததைச் சொன்னால் அது அவதூறு. உள்ளதையே, உடையவர் வெறுக்கும் வகையில் சொன்னால் அது புறம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே உண்மை என்பது மட்டும் ஒரு படத்துக்கு நியாயமாகாது. கீழே விழுந்தவளின் ஆடை விலகிய கணமும், தோற்ற பையன் அழுத கணமும் உண்மையே. அவற்றைப் பரப்ப நமக்கு உரிமை ஏது?

இதனால் படமே கூடாதென்று சொல்ல வரவில்லை. போட்டியின் செய்தியைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட வேண்டும்; இல்லையேல் வீரரின் உழைப்பு ஊருக்குத் தெரியாது. 1988இல் மறைந்த கோல்காவலர் ஆறுமுகத்தின் படத்தையோ, 1991இல் மறைந்த மொக்தார் டஹாரியின் படத்தையோ அன்பினால் ஓர் உணவகத்தார் சுவரில் மாட்டினால் அது நினைவு. அதே படத்தை அவர் தம் மசாலாப் பொட்டலத்தில் அச்சிட்டால் அது வியாபாரம். வாரிசுகளைக் கேட்பதே முறை. ஒரு கடையின் விலாசம் பெயர் பெற முப்பது ஆண்டு உழைப்பு வேண்டும் என்பதை நாம் அறிவோம். நம் விலாசத்தை வேறொருவர் தம் பலகையில் எழுதிக் கொண்டால் சும்மா இருப்போமா? வீரரின் முகமே அவருடைய விலாசம்.

ஆகவே, நம் கடை ஒரு குழுவுக்குச் சட்டையும் கோப்பையும் நன்கொடை தந்தாலும், பிள்ளைகளின் படத்தை விளம்பரத்தில் இடுமுன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவோம். மறுத்தால் முகம் கோணாமல் விட்டுவிடுவோம். சங்கத்தின் விளையாட்டு விழாவில் எடுத்த படங்களுக்கும் இதுவே முறையாகட்டும். கொடுத்த தர்மத்துக்குக் கூலியாக ஒரு குழந்தையின் முகத்தை எடுத்துக் கொண்டால், அது தர்மமன்று, பண்டமாற்று.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காத்த நம் சமுதாயம், கண்ணுக்கும் கைக்கும் அந்த நேர்மையைப் பழக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.