காரணம் வேறு, குற்றம் வேறு

துன்பம் ஒன்று வீட்டுக்குள் வந்து இறங்கியதும் மனிதன் கேட்கும் முதல் கேள்வி, "இது ஏன் வந்தது?" என்பது. சற்று நேரத்துக்குள் அந்தக் கேள்வி, "இது யாரால் வந்தது?" என்று மாறிவிடுகிறது. முதல் கேள்வி அறிவைத் தேடுகிறது. இரண்டாவது கேள்வி ஆளைத் தேடுகிறது. நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஆள் பெரும்பாலும் குழந்தையின் தாயாகவே ஆகிவிடுகிறாள்.

ஏற்காடு மலையடிவாரத்தில் சேலம் நகரை ஒட்டியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியானாலும் சரி, நாமக்கல் பக்கத்துச் சிற்றூரானாலும் சரி, பேச்சு ஒரே மாதிரிதான். "பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள்" என்பார் ஒருவர். "அவள் பிறந்த வீட்டு ரத்தம் அப்படி" என்பார் இன்னொருவர். "என்ன பாவம் செய்தாளோ!" என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். நலம் விசாரிக்க வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சொற்கள் மட்டும் அந்தத் தாயின் நெஞ்சில் தங்கிவிடும். சில இடங்களில் அது மணவிலக்கு வரைக்கும் போய்விடுகிறது. ஆகவே இது வெறும் பேச்சு அல்ல. ஒரு பெண்ணின் வாழ்வு சம்பந்தப்பட்ட செய்தி.

இந்தக் கேள்வியைப் பொதுப்படையாகப் பேசினால் தெளிவு பிறக்காது. எனவே, காரணம் நன்றாக ஆராயப்பட்ட ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

பேச்சை இழக்கும் சிறுமியர்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். 1954ஆம் ஆண்டில் அவரைப் பார்க்கக் காத்திருந்த இரண்டு தாய்மார்களின் மடியில் இரண்டு சிறுமியர் இருந்தனர். இருவருமே கை கழுவுவது போல இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தனர். அதைக் கண்ட மருத்துவர் அதே போன்ற பிற சிறுமியரையும் தேடிப் பார்த்து 1966இல் எழுதினார். 1983இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஹாக்பெர்கும் அவருடைய சகாக்களும் 35 சிறுமியரைப் பற்றி எழுதிய பிறகே மருத்துவ உலகம் இதைக் கவனித்தது. 'ரெட் நோய்' என்ற பெயரும் நிலைத்தது.

ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. குழந்தை நலமாகவே பிறக்கிறது, சிரிக்கிறது, ஓரிரு சொற்களும் பேசத் தொடங்குகிறது. பிறகு, பெரும்பாலும் ஒரு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில், வந்த சொற்கள் மறைகின்றன. பொம்மையைப் பிடித்த கை பிடிப்பதை விட்டுவிடுகிறது. நடை தடுமாறுகிறது. பல குழந்தைகளுக்கு வலிப்பும், மூச்சில் ஒழுங்கின்மையும், முதுகெலும்பு வளைவும் சேர்ந்துகொள்கின்றன. கிடைத்த பிறகு இழப்பதால்தான் "யாரால்?" என்ற கேள்வி இந்த வீடுகளில் இத்தனை கடுமையாக எழுகிறது.

நூல்கண்டும் எழுத்தும்

பெய்ரூத்தில் பிறந்து, லெபனானின் உள்நாட்டுப் போரால் அங்கே படிப்பைத் தொடர முடியாமல் அமெரிக்காவில் மருத்துவரானவர் ஹுதா ஸோக்பி என்ற பெண்மணி. 1983இல் இந்நோயுள்ள சிறுமியைக் கண்டபின் அதன் காரணத்தைத் தேடுவதைத் தம் பணியாகக் கொண்டார். பதினாறு ஆண்டுகள் கழிந்து 1999இல் அவருடைய குழுவினர் அதைக் கண்டறிந்தனர். 'மெக்பி-2' என்ற மரபணுவில் ஏற்படும் பழுதே காரணம்.

அந்த மரபணு என்ன செய்கிறது? நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத சிறு அறைக்குள் அது அடங்கியிருப்பது எப்படி? நம் சேலத்து நெசவாளர் நூலைக் கண்டில் சுற்றுவது போல, அது புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அப்படிச் சுற்றப்பட்ட நிலைக்குக் குரோமாட்டின் என்று பெயர். அந்த இழையில் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்தால் குழப்பம்தான். எனவே சில இடங்களில் சிறு வேதியியல் குறிகள் இடப்பட்டிருக்கின்றன. மெக்பி-2 மரபணு உருவாக்கும் புரதம் அந்தக் குறிகளைக் கண்டு டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. மூளையின் நரம்புச் செல்களுக்கு இது மிகவும் தேவை. மரபணுவின் நீண்ட எழுத்து வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் இந்த ஒழுங்கு குலையக்கூடும்.

தாயா? தந்தையா?

அந்த எழுத்து எங்கே மாறியது? பெரும்பாலான நேர்வுகளில் தாயின் உடலிலும் தந்தையின் உடலிலும் இந்தப் பழுது இல்லை. கருத்தரிப்பதற்கு முன், ஒரே ஒரு உயிரணு உருவாகும்போது புதிதாக ஏற்பட்ட பிழை அது. ஆராய்ந்து பார்த்தபோது, மிகப் பெரும்பாலும் தந்தையின் அணுவிலேயே அது நிகழ்ந்திருப்பது தெரியவந்தது. இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். தந்தை தம் எக்ஸ் குரோமோசோமை மகளுக்குத்தான் தருகிறார்; மகனுக்குத் தருவது ஒய். இந்நோய் பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் குற்றம் தாயிடம் இல்லை, தந்தையிடம்தான்!" என்று சொல்லத் தோன்றலாம். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். பழியை மாமியார் வீட்டிலிருந்து தூக்கி மருமகன் தலையில் வைப்பதற்காக அறிவு நமக்குத் தரப்படவில்லை. அந்த எழுத்து மாறியதைத் தந்தை அறியவில்லை, விரும்பவில்லை, தடுக்கும் ஆற்றலும் அவரிடம் இல்லை. அறிவும் நாட்டமும் ஆற்றலும் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி வரும்? காரணம் உடலைச் சேர்ந்தது. குற்றம் எண்ணத்தையும் செயலையும் சேர்ந்தது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்று கற்றுக்கொண்ட சமுதாயம் இந்த வேறுபாட்டை மறக்கலாமா?

மிக அரிதாகத் தாய் தமக்கு நோய் இல்லாமலே இந்தப் பழுதைச் சுமப்பதுண்டு. அப்போதும் தீர்ப்பு இதுதான். அடுத்த குழந்தை பற்றிய ஐயத்தை மருத்துவரிடமும் பரிசோதனையிடமும் கேட்க வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் அல்ல.

உறவுத் திருமணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருங்கிய உறவில் மணப்பதால் சில பரம்பரை நோய்களின் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் பேசும் குடும்பங்கள் அதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் ரெட் நோய் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒரு நோயின் காரணத்தை மற்றொரு நோயின் மேல் ஏற்றுவதும் அநீதியே.

படித்தவர்களும் தவறினர்

பழி சொல்பவர்கள் பாட்டிமார்கள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டிசம் என்ற நிலைக்கு அன்பில்லாத தாயே காரணம் என்று மேல்நாட்டு அறிஞர் சிலர் சென்ற நூற்றாண்டில் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமாகவே எழுதினார். அது தவறென்று பிற்பாடு தெளிவாயிற்று. அதற்குள் எத்தனை தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டார்களோ!

நமக்கோ அதற்கு வெகு காலம் முன்பே வழி காட்டப்பட்டுவிட்டது. தம் நிறத்தில் இல்லாத குழந்தையை மனைவி பெற்றுவிட்டாள் என்று ஐயத்தோடு வந்த ஒரு மனிதரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறங்களைப் பற்றிக் கேட்டார்கள். சிவந்த ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிறத்தது எப்படி வந்தது என்று அவரையே சொல்லச் செய்து, ஏதோ மூதாதையின் சாயலாக இருக்கலாம் என்பதை உணர்த்தி அனுப்பினார்கள். ஒரு தாயின் மேல் விழ இருந்த பழி, ஒட்டகத்தின் நிறத்தைக் கொண்டே நீக்கப்பட்டது. அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் உண்டானபோது, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துயரத்திலும் அவர்கள் திருத்தினார்கள். அந்த உம்மத்தில் பிறந்த நாம் கிரகணத்தைக் காட்டி ஒரு பெண்ணை வதைக்கலாமா?

நம்மிடம் இருப்பது

2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழுவினர், இந்நோய் கண்ட எலிகளில் மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது அவை தேறின. நரம்புச் செல்கள் அழிந்துவிடவில்லை என்று இதனால் தெரிகிறது. 2023இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென முதல் மருந்து அனுமதிக்கப்பட்டது. அது அறிகுறிகளைக் குறைக்குமேயன்றி முழுமையாகக் குணமாக்காது. பேச முடியாத இந்தச் சிறுமியரில் பலர் கண்களாலேயே விருப்பத்தைத் தெரிவிக்கின்றனர். அவளுக்குப் புரியாது என்று எண்ணி அவள் முன்பே அவளைப் பற்றிப் புலம்புவதை நிறுத்துவோம்.

குழந்தை கற்றதை இழப்பதாகத் தெரிந்தால் தாயத்தைத் தேடி நாட்களைக் கழிக்காமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இயன்முறைப் பயிற்சியும் வலிப்புக்கான மருந்தும் வாழ்வை எளிதாக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கிடைக்கும் சான்றிதழையும் உதவிகளையும் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம்.

அந்தச் சிறுமிக்குத் தொழுகையும் நோன்பும் கடமையல்ல என்று நம் சட்டம் சலுகை தந்துவிட்டது. ஆனால் அவள் மீதான கடமையிலிருந்து நமக்குச் சலுகை ஏது? பெருநாளன்று அவளுக்கும் புத்தாடை வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு ஒரு மணி நேரமாவது உறக்கம் கிடைக்கும்படி நாத்தனாரோ அண்டை வீட்டாரோ குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். எழுத்து மாறியதற்கு யாரும் மறுமையில் விசாரிக்கப்படமாட்டார்கள். நாம் சொன்ன சொல்லுக்கு விசாரணை உண்டு.

பழி சொல்லும் நாவை அடக்கி, பாரம் சுமக்கும் தோளை நீட்டும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.